முடக்குவாதம் இருக்கிறவர்கள் இதயத்தை எப்போது, எப்படிப் பார்த்துக்கொள்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர், புதுச்சேரி பக்கம் மூட்டு வாதத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர்களும் அவர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். நான் பொது மருத்துவன். மூட்டு நிபுணர் ஒரு பக்கம், இதய நிபுணர் ஒரு பக்கம் இருக்க, நடுவில் யார் கண்ணிலும் படாமல் போகிற விஷயங்கள் எங்களைப் போன்றவர்களின் மேஜைக்குத்தான் கடைசியில் வந்து சேரும். இதுவும் அப்படி ஒன்று.

பேசப்போவது ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ் பற்றி. முடக்குவாதம், சரவாங்கி, ஆர்.ஏ. என்று சொல்வது எல்லாம் இதைத்தான். வயதானால் முழங்கால் தேய்வது வேறு நோய், அது இங்கே வராது.

மூட்டில் வருகிற நோய்க்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்?

ஆர்.ஏ.வில் உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் மூட்டுச் சவ்வையே தாக்குகிறது. அப்போது சுரக்கும் அழற்சிப் புரதங்கள் விரலோடும் மணிக்கட்டோடும் நின்றுவிடுவதில்லை, ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றுகின்றன. ரத்தக் குழாயின் உள்சுவரை அவை புண்ணாக்குகின்றன. புண்பட்ட சுவரில் கொழுப்பு சீக்கிரம் படிகிறது, படிந்தது சீக்கிரம் வெடிக்கவும் செய்கிறது. வெடித்த இடத்தில் ரத்தம் உறைந்து குழாயை அடைத்தால் மாரடைப்பு.

அதே வயது, அதே பி.பி., அதே சர்க்கரை உள்ள இன்னொருவரோடு ஒப்பிட்டால் ஆர்.ஏ. உள்ளவருக்கு இந்த ஆபத்து சுமார் ஒன்றரை மடங்கு. நெதர்லாந்தில் ஆர்.ஏ. நோயாளிகளையும் சர்க்கரை நோயாளிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது இரு தரப்புக்கும் இதய ஆபத்து கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. சர்க்கரை இருந்தால் ஹார்ட்டைப் பார்க்க வேண்டும் என்பது இன்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆர்.ஏ. இருந்தாலும் பார்க்க வேண்டும் என்பது மட்டும் இன்னும் பரவவில்லை.

அடைப்பு ஒன்றுதான் ஆபத்து என்றும் நினைத்துவிட வேண்டாம். இதயத் தசை விறைத்து, ரத்தத்தை உள்வாங்கத் திணறும் இதயச் செயலிழப்பு இவர்களுக்கு அதிகம். இதயத்தைச் சுற்றியுள்ள உறையில் அழற்சி வரலாம், நீர் கோக்கலாம். துடிப்பு தாளம் தப்பலாம்.

சின்ன வயதில் 'வாதக் காய்ச்சல்' வந்து வால்வு கெட்டுப்போகுமே, அதுதானா இது?

இல்லை. அது தொண்டைப் புண்ணுக்குப் பிறகு, பெரும்பாலும் பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளுக்கு வருவது. மூட்டு வீங்கி வற்றிவிடும், ஆனால் இதய வால்வில் தழும்பை விட்டுவிட்டுப் போகும். அதற்காகத்தான் மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி. ஆர்.ஏ.வில் மூட்டு சும்மா விட்டால் வற்றாது, தொண்டைக் கிருமிக்கும் அதற்கும் தொடர்பில்லை, பென்சிலின் ஊசியால் பயனும் இல்லை. லேபில் 'ஆர்த்ரைடிஸ் டெஸ்ட்' என்று கேட்டால் இரண்டு நோய்க்குமான பரிசோதனைகளையும் ஒரே கட்டாகப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். குழப்பம் பாதி அங்கேயே ஆரம்பிக்கிறது.

எனக்கு நெஞ்சு வலியே வந்ததில்லை. அப்புறம் எதற்கு ஹார்ட் டெஸ்ட்?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

நெஞ்சு வலி எப்போது வரும்? வேகமாக நடக்கும்போது, படி ஏறும்போது, பாரம் தூக்கும்போது. இதயத்துக்கு வேலை கூடி, குழாய் குறுகியிருந்தால் வலி எடுக்கும். ஆர்.ஏ. உள்ளவர் என்ன செய்கிறார்? முழங்கால் வலிக்கிறது என்று மாடிக்குப் போவதை எப்போதோ நிறுத்தியிருப்பார். கடைக்குப் பையன் போய்வருவான். தண்ணீர்க் குடத்தை மருமகள் தூக்குவாள். இதயத்துக்கு வேலையே வைக்காதபோது அது எப்படிப் புகார் சொல்லும்?

அடுத்தது, வலி மாத்திரை. தினம் இரண்டு வேளை டைக்ளோபினாக் சாப்பிடுகிறவருக்கு எந்த வலியும் பாதியாகத்தான் தெரியும்.

மூன்றாவது இன்னும் நுட்பமானது. மாரடைப்பு வலி பலருக்கு இடது தோளிலும் கையிலும் தாடையிலும் வரும். ஆர்.ஏ. தாக்குவதும் தோளைத்தான், மணிக்கட்டைத்தான், காதுக்கு முன்னால் இருக்கும் தாடை மூட்டைத்தான். இருபது வருடமாக வலிக்கிற தோளில் இன்று புதிதாக ஒரு வலி வந்தால், 'எப்பவும் இருக்கிறதுதானே' என்று எண்ணெய் தடவிக்கொண்டு படுத்துவிடுவார்கள். சோர்வும் அப்படியே. ஆர்.ஏ.வில் சோர்வு இருக்கும், இதயம் தளர்ந்தாலும் சோர்வு இருக்கும்.

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் ஒரு வட்டாரத்து மக்களை நீண்ட காலம் பின்தொடர்ந்து பார்த்து, 2005இல் வெளியிட்டார்கள். ஆர்.ஏ. உள்ளவர்கள் நெஞ்சு வலி என்று சொல்லி வருவது மற்றவர்களைவிடக் குறைவு. ஆனால் தெரியாமலே வந்துபோன மாரடைப்பு அவர்களுக்குச் சுமார் இரண்டு மடங்கு. அதனால்தான் வலி வரட்டும், பார்க்கலாம் என்று காத்திருக்க முடியாது என்கிறேன். வலி வராமலேயே போகலாம்.

அப்படியென்றால் எதைக் கவனிப்பது?

மூட்டில் மாற்றம் எதுவும் இல்லாதபோது மற்றதில் மாற்றம் வருகிறதா என்று பாருங்கள். போன மாதம் வரை வாசல் தெளித்துக் கோலம் போட்டவர் இந்த மாதம் பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறார். மூட்டு வீக்கம் கூடவில்லை, காலை விறைப்பும் கூடவில்லை. அந்த மூச்சுக்குக் காரணம் வேறெங்கோ இருக்கிறது. ரத்தசோகையாக இருக்கலாம், ஆர்.ஏ. நுரையீரலைத் தொட்டிருக்கலாம் (வறட்டு இருமல் கூடவே வரும்), இதயமாகவும் இருக்கலாம். மூன்றையும் பார்க்க வேண்டியதுதான்.

மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது, தலையணை இரண்டு தேவைப்படுகிறது, நடு ராத்திரியில் எழுந்து உட்கார வேண்டியிருக்கிறது என்றால் தள்ளிப்போடாதீர்கள். மூன்று நாளில் எடை 2 கிலோ ஏறினால் அது சோறு போட்ட எடை அல்ல, தேங்கிய நீர்.

கால் வீக்கத்தைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி. கணுக்கால் மூட்டைச் சுற்றி மட்டும் வீங்கி, தொட்டால் சூடாக இருந்து, காலையில் அதிகமாக இருந்தால் அது பெரும்பாலும் ஆர்.ஏ. வீக்கம். கணுக்காலுக்கு மேலே, முன்னங்கால் எலும்பின் மீது கட்டைவிரலால் மெதுவாக அழுத்தி, பத்து எண்ணிவிட்டு எடுங்கள். விரல் பதிந்த குழி அப்படியே நின்றால், இரண்டு காலிலும் அப்படி இருந்தால், சாயங்காலம் கூடினால், அது நீர். இதயம், சிறுநீரகம், சில பி.பி. மாத்திரை, ஸ்டீராய்டு எதுவும் காரணமாக இருக்கலாம். எதுவென்று சொல்வது டாக்டர் வேலை, குழி விழுகிறதா என்று பார்ப்பது வீட்டிலேயே முடியும்.

மல்லாந்தால் நெஞ்சில் குத்தி, முன்னால் குனிந்து உட்கார்ந்தால் குறைந்து, ஆழமாக மூச்சிழுத்தால் கூடுகிற வலி இதய உறை அழற்சிக்கே உரிய அடையாளம். 'வாயுப் பிடிப்பு' என்று இஞ்சிச் சாறோடு விட்டுவிடுகிற வலி இது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது தாறுமாறாகப் படபடப்பு வந்தால், அந்த நேரத்திலேயே ஓர் ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். நின்ற பிறகு எடுத்தால் ஒன்றும் தெரியாது.

என்னென்ன பரிசோதனை, எந்த வரிசையில்?

முதலில் மலிவானவை. பி.பி., இடுப்புச் சுற்றளவு, எடை. சர்க்கரைக்கு ஹெச்பிஏ1சி. கொலஸ்ட்ரால் முழு விவரம். சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின். பிறகு ஒரு ஈ.சி.ஜி.; அதில் ஒன்றும் இல்லை என்றாலும் ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள். நாளை அவசரத்தில் எடுக்கும் ஈ.சி.ஜி.யைப் பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்கிற டாக்டருக்கு அந்தத் தாள் பெரிய உதவி.

பி.பி. பார்க்கும்போது ஒரு விஷயம். முழங்கை வளைந்து நிமிராதவர்களுக்கும் தோள் தூக்க வராதவர்களுக்கும் கையை அந்தரத்தில் பிடித்தபடி அளந்தால் அளவு தப்பும். கையை மேஜையிலோ தலையணையிலோ தாங்க வைத்து, ஐந்து நிமிடம் உட்கார வைத்து, அப்புறம் பாருங்கள். முதல் தடவை இரண்டு கையிலும் பார்க்க வேண்டும்.

இந்த எண்களை வைத்து அடுத்த 10 வருடத்தில் மாரடைப்பு அல்லது பக்கவாதம் வரும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று கணக்கிடுவார்கள். உலக சுகாதார நிறுவனம் தெற்காசியாவுக்கென 2019இல் தந்த அட்டவணை இருக்கிறது. அதில் ஆர்.ஏ.வுக்கு இடமில்லை. அதனால் வருகிற விடையை 1.5ஆல் பெருக்கச் சொல்கிறது ஐரோப்பிய மூட்டுவாத மருத்துவர் கூட்டமைப்பான யூலார். பிரிட்டனில் பயன்படுத்தும் க்யூரிஸ்க் கணக்கில் ஆர்.ஏ.வுக்குத் தனிக் கட்டமே உண்டு. அதில் போட்டால் மறுபடி பெருக்கக் கூடாது. 8 சதவீதம் என்று வந்தவர் பெருக்கினால் 12 ஆகிறார். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை வேண்டாம் என்ற பேச்சு, மாத்திரை பற்றி யோசிக்கலாம் என்று மாறுவது அந்த இடத்தில்தான்.

குறைந்தது 5 வருடத்துக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டும், ஆர்.ஏ. மருந்தைப் பெரிதாக மாற்றினால் மறுபடியும் செய்ய வேண்டும் என்பது யூலார் பரிந்துரை. என்னைக் கேட்டால், நம் ஊரில் சர்க்கரையும் பி.பி.யும் வருகிற வேகத்துக்கு 5 வருடம் ரொம்பத் தூரம். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள், சர்க்கரை அல்லது பி.பி. உள்ளவர்கள், 50 தாண்டியவர்கள் வருடம் ஒருமுறை பார்ப்பது நல்லது.

கொலஸ்ட்ரால் நார்மல் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. நிம்மதியாக இருக்கலாமா?

ரத்தம் கொடுத்த அன்று மூட்டு எப்படி இருந்தது என்று சொல்லுங்கள், பிறகு பதில் சொல்கிறேன்.

ஆர்.ஏ. கொதிக்கும்போது கொலஸ்ட்ரால் இறங்கும். மொத்தக் கொலஸ்ட்ராலும் கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல்.லும் குறையும், நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் ஹெச்.டி.எல். இன்னும் அதிகமாகக் குறையும். ஆக, விரலெல்லாம் வீங்கி, ரத்தத்தில் அழற்சியின் அளவைக் காட்டும் சி.ஆர்.பி. எகிறி நிற்கும் நாளில் எடுத்த ரிப்போர்ட்டில் கொலஸ்ட்ரால் அழகாகத் தெரியும். ஆபத்தோ அன்றைக்குத்தான் அதிகம். சிகிச்சை பிடித்து மூட்டு அடங்கியதும் எல்.டி.எல். ஏறும். உடனே, 'இந்த மாத்திரை கொழுப்பை ஏற்றிவிட்டது' என்று மருந்தை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் நடந்தது, அழற்சி அமுக்கி வைத்திருந்தது தன் நிலைக்குத் திரும்பியதுதான். (ஆர்.ஏ.வுக்குத் தரும் டோசிலிசுமாப் ஊசியும் டோஃபாசிட்டினிப் மாத்திரையும் கொலஸ்ட்ராலைக் கூட்டும் என்பதும் உண்மை. அதற்கும் நிறுத்துவது பதில் இல்லை, அளந்து பார்ப்பதே பதில்.)

அதனால் நோய் அடங்கியிருக்கும்போது பாருங்கள். ரிப்போர்ட்டில் மொத்தக் கொலஸ்ட்ராலை ஹெச்.டி.எல்.ஆல் வகுத்த விகிதத்தையும் கேளுங்கள். தனி எண்ணைவிட அது நம்பகமானது. பக்கத்தில் அன்றைய சி.ஆர்.பி. அல்லது அதைப் போலவே அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். எவ்வளவு என்று பேனாவால் எழுதி வைத்துவிட்டால் அடுத்து பார்க்கிறவருக்கு எல்லாம் புரியும்.

டிரெட்மில்லில் ஓடச் சொல்கிறார்கள். என்னால் நடக்கவே முடியவில்லையே?

ஓட வேண்டாம். டி.எம்.டி. சோதனைக்கு அர்த்தம் இருக்க வேண்டுமானால் இதயத்துடிப்பு வயதுக்கு ஏற்ற உச்சத்தில் சுமார் 85 சதவீதத்தைத் தொட வேண்டும். பாதம் கோணி, முழங்கால் மடங்காதவர் இரண்டாவது நிமிடத்திலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிறுத்தச் சொல்வார். ரிப்போர்ட்டில் 'முடிவு சொல்ல இயலாது' என்று வரும். அதை 'ஒன்றும் இல்லை' என்று படித்துக்கொண்டு வீட்டுக்குப் போவதுதான் அபாயம்.

இதற்கு மாற்று இருக்கிறது. ஊசி மருந்தால் துடிப்பை ஏற்றி, அதே நேரத்தில் எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) பார்க்கும் டோபுடமின் ஸ்ட்ரெஸ் எக்கோ ஒன்று. ஊசி போட்டு எடுக்கும் நியூக்ளியர் ஸ்கேன் இன்னொன்று. குழாயையே நேராகப் பார்க்கும் சி.டி. ஆஞ்சியோ மூன்றாவது. எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை இதய டாக்டர் முடிவு செய்யட்டும். 'எனக்கு மூட்டு வாதம், ஓட முடியாது' என்பதைச் சீட்டு எழுதும்போதே சொல்லிவிட வேண்டியது உங்கள் பொறுப்பு. வெள்ளைப் பட்டையெல்லாம் ஒட்டி மெஷின் மேல் ஏற்றிய பிறகு சொன்னால் இரு தரப்புக்கும் சங்கடம்.

எக்கோவில் 60 சதவீதம், நார்மல் என்று போட்டிருக்கிறார்கள். அது போதாதா?

அந்த 60 சதவீதம் இதயம் ஒரு துடிப்பில் எவ்வளவு ரத்தத்தை வெளித்தள்ளுகிறது என்ற கணக்கு. எக்கோ ரத்தக்குழாய் அடைப்பை நேரடியாகக் காட்டாது. அடைப்பால் தசை பாதிக்கப்பட்டிருந்தால்தான் தெரியும். அடுத்து, ஆர்.ஏ.வில் இதயம் முதலில் தடுமாறுவது தள்ளுவதில் இல்லை, விரிந்து வாங்கிக்கொள்வதில். இதை எக்கோ ரிப்போர்ட்டில் 'டயஸ்டாலிக்' என்று தொடங்கும் வரியில் பார்க்கலாம். 60 சதவீதம் இருந்தும் மூச்சு வாங்குகிறவர்களுக்குக் காரணம் பல நேரம் அந்த வரியில்தான் இருக்கும். பெரிய மருத்துவமனைகளில் தசை நார் எவ்வளவு சுருங்கி நீள்கிறது என்று அளக்கும் 'ஸ்ட்ரெய்ன்' எக்கோவும் செய்கிறார்கள். சதவீதம் குறைவதற்கு முன்பே அது மாற்றத்தைக் காட்டும். ஆனாலும் தொந்தரவு எதுவும் இல்லாத எல்லா ஆர்.ஏ. நோயாளிக்கும் அதைச் செய்ய வேண்டும் என்று விதி எதுவும் இல்லை.

மூச்சு வாங்குவது இதயத்தாலா என்று சந்தேகம் வந்தால் என்.டி. ப்ரோ பி.என்.பி. என்ற ரத்தப் பரிசோதனை கைகொடுக்கும். அளவு குறைவாக இருந்தால் இதயச் செயலிழப்பு பெரும்பாலும் இல்லை என்று ஒதுக்கலாம். கூடுதலாக இருந்தால் எக்கோ.

கழுத்து ஸ்கேன், கால்சியம் ஸ்கோர் என்கிறார்களே, அதெல்லாம் தேவையா?

கணக்கில் ஆபத்து நடுத்தரமாக வந்து, ஸ்டாட்டின் கொடுக்கலாமா வேண்டாமா என்று டாக்டரே யோசிக்கும் இடத்தில் தேவை. கழுத்து ரத்தக்குழாயை அல்ட்ராசவுண்டில் பார்த்தால் கொழுப்புப் படிவு இருப்பது தெரிந்துவிடும். கதிர்வீச்சு கிடையாது, வலி கிடையாது. படிவு இருந்தால் மாத்திரை தொடங்கத் தயங்க வேண்டாம். கால்சியம் ஸ்கோர் சி.டி.யில் எடுப்பது, வேலை கிட்டத்தட்ட இதேதான்.

தொந்தரவு ஏதும் இல்லாதவர் நேராக ஆஞ்சியோவுக்குப் போவதை நான் ஏற்பதில்லை. பண்டிகைத் தள்ளுபடியில் வரும் 'முழு உடல் பரிசோதனை' பேக்கேஜ்களும் அப்படித்தான். எண்பது வகை டெஸ்ட் இருக்கும், உங்களுக்கு ஆர்.ஏ. இருக்கிறதா என்ற கேள்வி மட்டும் படிவத்தில் இருக்காது.

நான் சாப்பிடும் மாத்திரைகளே இதயத்தைக் கெடுக்குமா?

சிலது காக்கும், சிலது கெடுக்கும். எது எதுவென்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மெத்தோட்ரெக்சேட் சாப்பிடும் ஆர்.ஏ. நோயாளிகளுக்கு மாரடைப்பு குறைவாக வருவதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. அழற்சியை அடக்குவதே இதயத்துக்குச் செய்யும் வைத்தியம். இது வாரத்துக்கு ஒருநாள் மட்டும் சாப்பிடும் மாத்திரை. தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. கிழமையை அட்டையிலேயே பெரிதாக எழுதி வையுங்கள். ஹைட்ராக்சிகுளோரோகுயின் சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் கொஞ்சம் நல்லதே செய்கிறது. அபூர்வமாக இதயத் துடிப்பின் மின்னோட்டத்தைத் தாமதப்படுத்தும் என்பதால், வேறு இதய மாத்திரை அல்லது மனநல மாத்திரை சேரும்போது ஈ.சி.ஜி. பார்ப்பார்கள். லெஃப்ளூனமைடு பி.பி.யை ஏற்றலாம்.

டோஃபாசிட்டினிப் இப்போது இங்கே விலை குறைந்து பரவலாக எழுதப்படுகிறது. 50 வயது தாண்டி, கூடவே சர்க்கரை, பி.பி., புகை என்று ஏதாவது ஓர் இதய ஆபத்தும் உள்ளவர்களிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2022இல் வெளியானது. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் ஆர்.ஏ. ஊசி போட்டவர்களில் 2.5 சதவீதம் பேருக்கும், இந்த மாத்திரை சாப்பிட்டவர்களில் 3.4 சதவீதம் பேருக்கும் வந்தன. 30 வயதில் வேறு தொந்தரவு இல்லாத பெண்ணுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. 60 வயதில் பீடி பிடிக்கிறவருக்குப் பொருந்தும். டி.என்.எஃப். ஊசிக்கும் ஒரு வரம்பு உண்டு: ஏற்கெனவே இதயச் செயலிழப்பு முற்றியவர்களுக்கு அதைத் தவிர்ப்பார்கள்.

சரி, இப்போது மெடிக்கல்களில் சீட்டு இல்லாமல் கிடைப்பவற்றுக்கு வருவோம். எனக்கு உண்மையான கவலை இவற்றைப் பற்றித்தான்.

பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் வேலைக்குப் போகிற பெண்களில் ஆர்.ஏ. உள்ளவர்கள் விரல் மடங்க வேண்டும் என்பதற்காகக் காலையிலேயே ஒன்று போட்டுக்கொண்டுதான் உட்காருவார்கள். உடைத்த எடைக்குத்தான் கூலி; விரல் ஓடவில்லை என்றால் அன்றைய காசு போச்சு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் வெள்ளைக் காகிதத்தில் மடித்துத் தரும் 'செட்' மாத்திரையில் என்ன இருக்கிறது? பெரும்பாலும் ஒரு வலி மாத்திரை, ஒரு கேஸ் மாத்திரை, கூடவே சின்னதாக ஒரு ஸ்டீராய்டு. வலி மாத்திரைகளான டைக்ளோபினாக்கும் எட்டோரிகாக்சிபும் பி.பி.யை ஏற்றும், நீரைத் தேக்கும், மாரடைப்பு ஆபத்தைக் கூட்டும். பி.பி. 140/90க்கு மேல் கட்டுப்படாமல் இருப்பவரும் ஏற்கெனவே அடைப்பு உள்ளவரும் எட்டோரிகாக்சிப் தொடவே கூடாது. இந்த வகையில் இதயத்துக்குக் கொஞ்சம் சாதுவானது நாப்ராக்சன், அதற்கும் வயிற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆஸ்பிரின் சாப்பிடும் இதய நோயாளி ஐபுப்ரோஃபென் சேர்த்தால் ஆஸ்பிரினின் வேலை கெடும்.

ஸ்டீராய்டைப் பொறுத்தவரை, ஆர்.ஏ. மருந்து வேலை செய்யத் தொடங்கும்வரை சில வாரம் டாக்டர் கொடுப்பது முறையான வைத்தியம். வருடக்கணக்கில் தானாக வாங்கிச் சாப்பிடுவது சர்க்கரை, பி.பி., எடை, கொழுப்பு நான்கையும் சேர்த்து ஏற்றும். ஆனால் இதைப் படித்துவிட்டு நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். நாள்பட்ட ஸ்டீராய்டைத் திடீரென்று விட்டால் பி.பி. விழுந்து மயக்கம் வரும். டாக்டர் சொல்படி படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.

பேர் இல்லாத டப்பாவில் வரும் வாதப் பொடி இரண்டே நாளில் வலியை எடுத்துவிட்டது என்றால் சந்தேகப்படுங்கள். மூலிகை அவ்வளவு வேகமாகக் கேட்காது. இப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பிடிபட்டிருக்கிறது. பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் வாங்குவது வேறு விஷயம், அதையும் இங்கிலீஷ் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

இங்கே எங்கே போய்ப் பார்ப்பது?

புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மரில் மூட்டு வாதத்துக்கென்றே கிளினிக்கல் இம்யூனாலஜி துறை இருக்கிறது, இதயத் துறையும் அதே வளாகத்தில். ஒரு துறையில் காட்டும்போதே இன்னொன்றுக்குச் சீட்டு எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம். கூட்டம் தெரிந்ததுதான், கடலூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துப் போகிறவர்கள் காலை மாத்திரையையும் இட்லியையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், வெறும் வயிற்றில் வரிசையில் நிற்க வேண்டாம். கொழுப்புப் பரிசோதனைக்குப் பெரும்பாலும் பட்டினி தேவையில்லை. சர்க்கரைக்கு வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்கச் சொல்லியிருந்தால் மட்டும் எடுத்த பிறகு சாப்பிடுங்கள்.

பி.பி., சர்க்கரை, ஈ.சி.ஜி. மட்டும் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. புதுச்சேரி அரசு பொது மருத்துவமனை, கதிர்காமம் மருத்துவக் கல்லூரி, கடலூர் அரசு தலைமை மருத்துவமனை, தெற்கே இருப்பவர்களுக்குச் சிதம்பரம் அண்ணாமலை நகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி எல்லாமே போதும். கடலூர் மாவட்ட கிராமங்களில் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருகிறது. வருகிற அம்மாவிடம் 'எனக்கு ஆர்.ஏ.யும் இருக்கு' என்று ஒரு வார்த்தை சொல்லிக் குறித்துக்கொள்ளச் செய்யுங்கள்.

ராத்திரியில் நெஞ்சு அடைக்கிற மாதிரி வந்தால்?

108 ஆம்புலன்ஸ். கடலூர், புதுச்சேரி இரண்டு பக்கத்துக்கும் அதே எண்தான். வேர்வையோடு நெஞ்சு, தாடை, இடது கை எங்கே இறுக்கமாக இருந்தாலும், ஏன், வலியே இல்லாமல் திடீரென்று மூச்சு முட்டி வேர்த்தாலும் கூப்பிடுங்கள். பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். மெடிக்கலில் வலி ஊசி போட்டுப் பார்ப்போம், கேஸ் மாத்திரை போட்டுப் பார்ப்போம் என்று விடியும்வரை காத்திருக்காதீர்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமையோ ரத்தக்கசிவோ இல்லாதவர் என்றால் 300 அல்லது 325 மில்லிகிராம் மாத்திரையை மென்று விழுங்கலாம். கடலூர் மாவட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் பக்கத்தில் இருந்தால், 2023இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் அங்கேயே முதல் டோஸ் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

போய்ச் சேர்ந்ததும் 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்பது நடைமுறை. 'ஆர்.ஏ. இருக்கு, மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுறாங்க, ஸ்டீராய்டு சாப்பிடுறாங்க' என்பதைக் கூட வந்தவர் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

நடக்கலாமா? என்ன சாப்பிடக் கூடாது?

நடக்கலாம், மூட்டு கொதிக்கும் நாள் தவிர. கடலூர் சில்வர் பீச் மணலில் வேண்டாம், கணுக்கால் பிசகும். சமமான தரைதான் நல்லது. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வண்டி விடுவதில்லை, அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

சாப்பாட்டில் புளியையும் கத்தரிக்காயையும் விட்டால் போதும் என்று நம்புகிறவர்கள் கருவாட்டையும் ஊறுகாயையும் அப்பளத்தையும் விடுவதில்லை. உப்புதான் பி.பி.க்கு எமன். மத்தி, கானாங்கெளுத்தி தாராளமாகச் சாப்பிடுங்கள், பொரிக்காமல் குழம்பில். பீடி, சிகரெட் மூட்டு நோயையும் கூட்டும், இதயத்தையும் கெடுக்கும், ஆர்.ஏ. மருந்து வேலை செய்வதையும் குறைக்கும். அதில் பேரம் இல்லை.

ஸ்டாட்டின் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஏற்கெனவே உடம்பு வலி, இதுவும் சேர்ந்தால்?

பலர் வாங்கி வைத்துவிட்டுச் சாப்பிடாமல் இருப்பதற்குக் காரணம் இந்தப் பயம். பிரிட்டனில் 3,002 ஆர்.ஏ. நோயாளிகளிடம் அட்டோர்வாஸ்டாட்டின் 40 மில்லிகிராமையும் வெற்று மாத்திரையையும் கொடுத்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்ததைவிட மாரடைப்புகள் குறைவாக வந்ததால் ஆய்வை முன்னதாகவே முடிக்க வேண்டியதாயிற்று, அதனால் நிச்சயமாகச் சொல்லும் அளவுக்கு எண்ணிக்கை சேரவில்லை. ஆனாலும் ஸ்டாட்டின் பக்கம் மூன்றில் ஒரு பங்கு குறைவாகவே வந்தன. பக்க விளைவுகள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஸ்டாட்டின் வலி வந்தால் அது மூட்டில் வராது; தொடை, புஜம் போன்ற பெரிய தசைகளில், இரண்டு பக்கமும் வரும், காலை விறைப்போடு சேராது. அப்படி வந்தால் தசை பாதிப்பைக் காட்டும் சி.பி.கே. ரத்தப் பரிசோதனை செய்து, அளவைக் குறைத்தோ வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றியோ பார்க்கலாம். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஸ்டாட்டினோடு மெத்தோட்ரெக்சேட், லெஃப்ளூனமைடையும் சேர்த்து எப்போது நிறுத்துவது என்று டாக்டர் தேதி போட்டுத் தர வேண்டியிருக்கும்.